சாட்சிக் கூண்டில் ஏறாத பெண்: மலையகப் புனைகதையும் நீதியும்

பதுளை நீதிமன்றத்துக்கும் பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பகுதித் தோட்டங்களுக்கும் இடையிலுள்ள தூரம் மைல்களால் அளக்கத்தக்கது. மலையகப் புனைகதையிலே அத்தூரம் இதுவரை செம்மையாக அளக்கப்படவில்லை. தோட்டத்துப் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை அவ்விலக்கியம் மறைத்ததில்லை. துரையும் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அவள்மீது பதித்த பார்வையும் அவளை நோக்கி நீட்டிய கையும் தொடக்கம் முதலே அங்கு எழுதப்பட்டு வந்துள்ளன. ஆயின் அக்கொடுமையின் பின்னர் அவள் எங்குப் போனாள், யாரிடம் சொன்னாள், சொன்னது எவ்வாறு பதியப்பட்டது, பதியப்படாதவிடத்து யார் தடுத்தனர் என்னும் வினாக்களோடு அக்கதைகளைப் படிக்கப் புகுவோருக்குக் கிடைக்கும் விடை சொற்பமே. கொடுமை உண்டு; கண்ணீர் உண்டு; சிலவிடத்துப் பழிவாங்கலும் உண்டு. வழக்குத்தான் இல்லை.

மலையக இலக்கியம் பற்றிய விமர்சனமும் இவ்வின்மையைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அது முதலில் மண்வாசனையைப் பாராட்டியது. பின்னர் வர்க்கச் சுரண்டலை இனங்காட்டியது. இரண்டும் வேண்டியவையே. எனினும் சுரண்டல் என்பது பெரிய சொல். பெருந்தோட்டத்தில் நிகழ்ந்த எல்லாவற்றையும் அதற்குள் அடக்கிவிடலாம். அடக்கியபின் எது யாருக்கு நிகழ்ந்தது என்பது தெரியாமற் போய்விடும். கூலி குறைக்கப்பட்டதும், கொழுந்து நிறுக்கையில் இறாத்தல் வெட்டப்பட்டதும், மலையில் தனித்து நின்ற பெண் பலவந்தப்படுத்தப்பட்டதும் ஒரே சொல்லின்கீழ் வரும்போது, மூன்றாவது முதலிரண்டுக்கும் உவமையாகிவிடுகின்றது. அவள் உடல் ஒரு வர்க்கத்தின் துயரத்துக்குக் குறியீடாகின்றது. குறியீட்டுக்கு எவரும் நீதி தேடுவதில்லை.

ஊவாவை எடுத்துக்கொள்ளும்போது ஒரு விளக்கம் அவசியம். இம்மாகாணத்தின் ஆதிகுடிகள் தோட்டத் தமிழர் அல்லர். மகியங்கனையை அடுத்த தம்பானையிலும் அதன் சுற்றாடலிலும் வாழும் வேடர் சமூகமே அப்பெயருக்குரியது. 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் ஆய்வு தொடக்கம் அச்சமூகத்தைப் பற்றிப் பிறர் எழுதியவை பல. தமிழில் அச்சமூகத்துப் பெண் பெரும்பாலும் கண்காட்சிப் பொருளாகவே தோன்றியிருக்கிறாள். அவ்விடைவெளி தனியே ஆராயத்தக்கது. தோட்டத் தமிழரோ 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். எனினும் காடும் மலையும் சூழ்ந்த ஒதுக்கிடம், நிலமின்மை, ஆட்சிமொழியில் அந்நியம், அதிகாரியின் சொல்லே சட்டமாக இருக்கும் வாழ்வு ஆகியவற்றால் இப்பெண்களின் நிலை, இந்தியாவின் பழங்குடிப் பெண்களது நிலையோடு ஒப்பவைத்து நோக்கத்தக்கது. அஸாம் தேயிலைத் தோட்டங்களில் இவ்விரண்டும் ஒன்றாகவே இருந்தன. அங்குக் கொழுந்து பறித்தோருட் பலர் சோட்டா நாகபுரியிலிருந்து சென்ற முண்டா, ஒறாவோன், சந்தால் குடியினர்.

மலையகக் கதைகளில் வழக்கு ஏன் இல்லை என்பதற்கு வரலாறு ஒருவகை விடை தரும். தோட்டத் தொழிலாளி நீதிமன்றத்தை முதலில் அறிந்தது முறையிடும் இடமாக அன்று. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் கட்டளைச் சட்டம், தோட்டத்தை விட்டு ஓடுவதையும் வேலைக்கு வராமையையும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது. 1921இல் அத்தண்டனை விதிகளும் துண்டு முறையும் நீக்கப்படும்வரை, பதுளைக்கோ பண்டாரவளைக்கோ கோட்டுக்குப் போதல் என்பது தொழிலாளியைப் பொறுத்தவரை பிடிபட்டுப் போதலே. ஓடிப்போன பெண்ணும் அவ்வாறே பிடிபட்டாள். அவள் எதிலிருந்து ஓடினாள் என்று கேட்பதற்கு அச்சட்டத்தில் இடமிருக்கவில்லை. கணவனோடும் பிள்ளைகளோடும் சேர்த்துக் கடன்கணக்கில் எழுதப்பட்ட பெண்ணுக்கு, ஓட்டம் ஒன்றே முறைப்பாடு. அம்முறைப்பாட்டையே சட்டம் குற்றமாகப் பதிந்தது.

தோட்டத்துக்குள்ளேயும் ஒரு நீதிமன்றம் இயங்கியது. காலையிற் பிரட்டுக்களம், மாலையில் ஆபீஸ் வாசல். அங்கே வழக்காளி, எதிரி, சாட்சி யாவரும் ஒரே பேரேட்டிற் பெயருள்ளோர். பேரேட்டை வைத்திருப்பவரே நீதிபதி. பெண் விடயமாக எழுந்த பிணக்கு பெரும்பாலும் மூன்று வகையில் முடித்துவைக்கப்பட்டது: வேறு லயத்துக்கோ வேறு டிவிசனுக்கோ மாற்றுதல், அவசரத் திருமணம் ஒன்றை ஒழுங்குசெய்தல், குடும்பத்தின் பெயரை வெட்டி வெளியேற்றுதல். மூன்றிலும் இடம்பெயர்வது அவளே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோர் ஆக்கியபின், வெளியேற்றம் என்ற சொல்லுக்குக் கடல்கடந்த பொருளும் சேர்ந்துகொண்டது. 1956இன் அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர் ஊவாவின் பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் எழுதப்பட்ட மொழி அவள் வாயிலிருந்து வந்த மொழியன்று. தனக்கு நேர்ந்ததை முன்பின் அறியாத ஓர் ஆணிடம் சொல்லவேண்டியவள், அதனை இன்னோர் ஆண் மொழிபெயர்க்கக் கேட்டு, தான் வாசிக்க இயலாத எழுத்தின்கீழ்ப் பெருவிரல் பதிக்கவேண்டியிருந்தது. இக்காட்சியை எழுதுவதற்குக் கற்பனை அதிகம் வேண்டியதில்லை. அது விரிவாக எழுதப்பட்ட மலையகக் கதை பரவலாகப் பேசப்படும் கதைகளுள் காணப்படவில்லை என்பதே வியப்பு.

தமிழ் மரபு வழக்காடும் பெண்ணை அறியாததன்று. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை, சான்றுப்பொருளைக் கையிலேந்தி அரசவை புகுந்த ஒருத்தியின் கதை. மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களில் கண்ணகி வழக்குரை இன்றும் பாடப்படுகின்றது. மலையகத்துக்கு வந்த மக்கள் தம்மோடு கொண்டுவந்து பேணிய கூத்துக்களுள் முதன்மையானது காமன் கூத்து. அங்கே பெண் வழக்குரைக்கவில்லை, புலம்புகிறாள். எரிந்த கணவனுக்காக இரதி சிவனிடம் இரக்கிறாள். இரக்கத்தின் பேரில் ஏதோ கிடைக்கிறது. லயத்து வாசலிலே மாசி மாதத்தில் ஆடப்படும் இக்கூத்தில், இரதியாக வேடம் பூண்டவர் மரபுப்படி ஓர் ஆண். பெண்ணின் புலம்பல் ஆணின் தொண்டையில் ஒலிப்பதை மக்கள் கண்ணீர் மல்கக் கேட்டனர். ஒரு கூத்தின் மீது இவ்வளவு பாரத்தை ஏற்றுவது நியாயமன்று என்று சொல்லப்படலாம். ஆயினும் மலையகப் புனைகதையின் பெண்களைப் படித்துவருங்கால், இரதியின் பிள்ளைகளே அவர்கள், கண்ணகியின் பிள்ளைகள் அல்லர் என்ற எண்ணம் விலகுவதில்லை.

நாட்டார் பாடல்கள் இவ்வகையிற் புனைகதையை விடத் துணிச்சல் வாய்ந்தவை. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளிவந்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்னும் நூலை நோக்குமிடத்து, கங்காணியைப் பெயரும் அடையாளமும் சுட்டிப் பழித்துரைக்கும் குரல் பெண்ணினது என்பது தெளிவாகும். கொழுந்து மலையில் நிரை பிடித்து நிற்கும் பெண்கள் ஒருவர் தொடங்க மற்றவர் தொடரப் பாடுகையில், பாட்டு ஒருவகை முறைப்பாடாகின்றது. கேட்டோர் அனைவரும் சாட்சிகளாகின்றனர். பாடியவள் யாரென்று எவராலும் குற்றஞ்சாட்ட முடியாது. பெயரில்லாமையே அவளது காப்பு. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை 1930களில் கூட்ட மேடைகளிற் பாடியபோது, அப்பாட்டு முதன்முறையாகப் பெயருள்ள ஒருத்தியின் வாயிலிருந்து வந்தது. அச்சிட்ட கதை தோன்றியபோது, கதை சொல்பவர் பெரும்பாலும் ஆசிரியரோ அலுவலரோ ஆகிய ஓர் ஆண். நிரையில் நின்ற பெண் அவரது பார்வைக்குள் ஓர் உருவம். வாய்மொழியிலிருந்து அச்சுக்கு வந்ததில் இலக்கியம் பெற்றவை பல. இழந்தது இக்குரல்.

புதுமைப்பித்தனின் துன்பக்கேணி 1935இல் மணிக்கொடியில் வெளிவந்தது. இலங்கையைக் கண்ணாற் பாராதவர் எழுதிய கதை அது. தோட்ட வாழ்வின் நுட்பங்களில் அதற்குத் தவறுகள் உண்டு. ஆனால் ஒன்றில் அது தவறவில்லை. மருதியின் வீழ்ச்சி ஒரு தீயவனின் செயலால் மட்டும் நேர்வதன்று. சொந்த ஊரின் சாதிக் கொடுமை, ஆள்கட்டும் தரகு, கடல், தோட்டம், துரை, நோய் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றப்படுகிறாள் அவள். கதையின் தொடக்கத்தில் சட்டம் உண்டு: அவளுடைய கணவனைச் சிறைக்கு அனுப்பும் சட்டம். மருதிக்கு நேர்ந்தவற்றின்பால் அச்சட்டம் திரும்பிப் பார்ப்பதேயில்லை. புதுமைப்பித்தனின் கசப்பு இவ்விடத்திற் கூர்மையானது. அவர் நீதியை எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கும் பாத்திரத்தையும் படைக்கவில்லை. பின்வந்தோர் அவரிடமிருந்து மருதியின் துயரத்தைப் பெற்றனர், அக்கசப்பைப் பெறவில்லை. அதனால் அவர்களது கதைகளிற் பல இரக்கத்தோடு நின்றுவிட்டன.

1964ஆம் ஆண்டு வெளிவந்த இரு நாவல்கள் இவ்விடத்து நினைக்கத்தக்கவை. வைத்தியராகிய நந்தியின் மலைக்கொழுந்து நோயாளியை நோக்கும் வைத்தியரின் பரிவோடு தோட்டத்தை நோக்கிற்று. கோகிலம் சுப்பையாவின் தூரத்துப் பச்சை பெண்ணொருத்தியின் வாழ்வையே நாவலின் முதுகெலும்பாக்கியது. தோட்டப் பெண்களிடையே தொழிற்சங்கப் பணி செய்த ஒருவர், கடல்கடந்து வந்த பெண்ணின் ஏமாற்றத்தை உள்ளிருந்து எழுதினார். அந்நாவலின் பலம் அதன் பொறுமையில் உள்ளது. பெண் எவ்வாறு சகிக்கிறாள் என்பதை அது படிப்படியாக, மிகையின்றிக் காட்டுகிறது. சகிப்பின் எல்லை எது என்னும் வினா மட்டும் அதன் பக்கங்களுக்கு வெளியே நின்றுவிடுகிறது. தொழிற்சங்கத்தை அறிந்த ஆசிரியரிடம் அதை எதிர்பார்ப்பது தவறாகாது. எனினும் அக்காலத் தொழிற்சங்கமே பெண் மீதான வன்முறையைக் குடும்ப விவகாரம் என்று ஒதுக்கிவைத்திருந்ததை மறந்து ஆசிரியரைக் குறைகூறலும் முறையன்று. கூலி, நிலுவை, வேலைநீக்கம் ஆகியவற்றுக்குச் சங்கத்தில் மனு உண்டு. இதற்கு மனு இல்லை. பெண்ணின் நாட்கூலி ஆணின் நாட்கூலிக்குச் சமமாக்கப்பட்டதே 1984இல்தான் என்பதையும் இங்குச் சேர்த்து எண்ணவேண்டும்.

என். எஸ். எம். இராமையாவின் ஒரு கூடைக் கொழுந்து மலையகச் சிறுகதையின் உச்சங்களுள் ஒன்றென மதிக்கப்படுவது, அம்மதிப்பு நியாயமானது. அக்கதையில் வன்முறை இல்லை; சந்தேகம் உண்டு. வழக்கத்துக்கு மேற்பட்ட கொழுந்தைப் பறித்த பெண்ணின் உழைப்பு ஐயுறப்படுகிறது. அவள் மீண்டும் பறித்துக் காட்டித் தன்னை மெய்ப்பிக்கிறாள். வாசகர் மகிழ்கின்றனர், மகிழவே வேண்டும். ஆயினும் அம்மகிழ்ச்சி அடங்கியபின் ஒன்று உறுத்துகிறது: அவள் சொல் போதவில்லை. தான் பறித்தது தான் பறித்ததே என்பதை நிறுவ அவளிடம் உள்ள சாட்சி அவளுடைய பத்து விரல்கள் மட்டுமே. உழைப்பின் விடயத்தில் இவ்வாறு தன்னை மெய்ப்பிக்க அவளால் முடிந்தது, ஏனெனில் அதனை மறுநாளும் செய்துகாட்டலாம். செய்துகாட்ட முடியாத ஒன்றைப் பற்றி அவள் சொல்லவேண்டி வந்தால் யார் நம்புவர்? இராமையா இவ்வினாவை எழுப்பவில்லை. எழுப்புவது அவர் நோக்கமுமன்று. கதையின் செம்மைதான் வாசகரை அவ்வினாவின் வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது.

பதுளைக்கு மிக நெருங்கியவர் தெளிவத்தை ஜோசப். ஊவாவிலே 1934இல் பிறந்து, அங்குள்ள தோட்டமொன்றில் ஆசிரியராக இருந்து, அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர்; 2022இல் மறைந்தார். அவருடைய மீன்கள் என்னும் சிறுகதை, இப்பொருள் பற்றி மலையகத்தில் எழுதப்பட்டவற்றுள் மிகத் துணிவானது. லயத்துக் காம்பிரா ஒன்று. பெரியவரும் வளர்ந்த பிள்ளைகளும் அதற்குள் நெருங்கிப் படுத்திருக்கும் இரவு. இருட்டில் மனைவியென எண்ணி மகளின்மேற் கை வைத்துவிடுகிறான் தந்தை. அதன்பின் அவன் படும் அவமானமும் தவிப்பும் கதை. ஆசிரியர் எவனையும் வில்லனாக்கவில்லை; பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று கணக்கிடப்பட்ட அறையைக் குற்றவாளியாக்குகிறார். அறையை அமைத்தவர், அதில் எத்தனை பேரை அடைப்பது என்று தீர்மானித்தவர், வேறு வீடு கேட்டவனை வாசலில் நிறுத்தியவர் யாவரும் அக்குற்றத்தின் பங்காளிகளாகின்றனர். வன்முறை ஒருவனின் இச்சையில் மட்டுமன்றி, ஓர் அளவுத்திட்டத்திலும் குடியிருக்கக்கூடும் என்பதை இவ்வளவு சுருக்கமாக உணர்த்திய தமிழ்க்கதை வேறெதுவும் எளிதில் நினைவுக்கு வரவில்லை.

ஆயினும் இக்கதையின் வேதனை முழுவதும் தந்தையைச் சுற்றியே சுழல்கின்றது. நேர்ந்தது அவளுக்கு; வெட்கம் அவனுக்கு; கதை அவனுடையது. மறுநாட் காலையில் அவள் எவ்வாறு எழுந்தாள், கூடையை எடுத்துக்கொண்டு பிரட்டுக்குப் போகையில் தந்தையின் முகத்தை எவ்வாறு நோக்கினாள், தாயிடம் ஏதும் சொன்னாளா என்பன கதையின் கருத்துக்குரியவையாக இல்லை. இது ஜோசப்பின் குறை என்பதைவிட, அக்காலத்து யதார்த்தவாதத்தின் எல்லை என்பதே பொருந்தும். அந்த யதார்த்தம் லயத்தை அளந்தது. லயத்துக்குள் இருந்தவளின் மௌனத்தை அளக்கவில்லை.

மௌனத்தைப் பற்றிப் பேசுகையில் சொல்லைப் பற்றியும் பேசவேண்டும். இக்கதைகளும் அக்காலப் பத்திரிகைகளும் வழங்கிய சொல் கற்பழிப்பு. அச்சொல்லில் செய்தவன் இல்லை. இழந்தவள் மட்டுமே உண்டு. அழிந்தது கற்பு எனின், அதனை மீட்பதற்கு வழியில்லை; அழிந்ததை ஊருக்குச் சொல்வது இரண்டாம் அழிவு. எனவே கதையில் அவள் ஒன்றில் உயிரை மாய்க்கிறாள், அல்லது அவளுக்காக ஓர் ஆண் கவ்வாத்துக் கத்தியைத் தூக்குகிறான். வல்லுறவு என்னும் சொல் வந்தபின் குற்றம் செயலாயிற்று. செயலுக்குச் செய்தவன் உண்டு. செய்தவனுக்கு விசாரணை உண்டு. இலங்கைச் சட்டமும் இத்திசையில் நகர்ந்தது. எதிர்த்துப் போராடியதற்கான உடற்காயங்கள் இருந்தாற்றான் சம்மதமின்மை நிறுவப்படும் என்பதில்லை என்று 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் தெளிவுபடுத்திற்று. கிழிந்த சேலையும் உடைந்த வளையலும் இல்லாமல் இத்தகைய காட்சியை எழுத அறியாத புனைகதையாளர், அத்திருத்தத்தைப் படிப்பதால் நட்டமடையார்.

கவ்வாத்துக் கத்தி தூக்கப்பட்டபோது சட்டம் உறங்கவில்லை என்பது வேறு. புசல்லாவைப் பகுதி ஸ்டெலென்பேர்க் தோட்டத்தில் 1941இல் துரையொருவர் கொல்லப்பட்டமைக்காகத் தொழிலாளர் இருவர் மறுவருடமே தூக்கிலிடப்பட்டனர். துரைமார் தோட்டப் பெண்களுக்கு இழைத்தவற்றுக்கு இவ்வேகத்தோடு சட்டம் நடந்ததாக மலையகத்தின் நினைவில் எதுவுமில்லை.

நீதிமன்றத்தையே கதைக்குள் கொண்டுவந்த தோட்ட நாவல் அஸாமிலிருந்து வந்தது. முல்க் ராஜ் ஆனந்தின் இரண்டு இலையும் ஒரு அரும்பும் 1937இல் ஆங்கிலத்தில் வெளியாயிற்று. கங்கு என்னும் தொழிலாளியின் மகள் லைலாவைத் தோட்ட உதவித்துரை பலவந்தப்படுத்த முனைகிறான். அப்போது கங்கு சுடப்பட்டு இறக்கிறான். ஐரோப்பியர் பெரும்பான்மையாக அமர்ந்த யூரிகள் சபை துரையைக் குற்றமற்றவன் என்று விடுவிக்கிறது. ஏகாதிபத்திய நீதியின் பொய்ம்மையை இந்நாவல் அம்பலப்படுத்தியதாக விமர்சகர் கூறுவர், அது சரியே. ஆனால் அவ்வழக்கு எது பற்றியது? ஓர் ஆண் கொல்லப்பட்டமை பற்றியது. லைலாவுக்கு நேர்ந்தது வழக்கின் முன்கதை. நியாயமான சபையொன்று அமர்ந்து துரையைத் தண்டித்திருந்தாலும், அத்தண்டனை கங்குவுக்கானதே.

ஊவாவின் சொந்த வரலாற்றிலும் இதற்கு ஓர் இணை உண்டு. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது கதிர்காமத்தில் பிரேமவதி மனம்பேரி என்னும் சிங்கள யுவதி படையினராற் சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். வழக்கு நடந்தது, 1973இல் படையினர் இருவருக்குப் பதினாறாண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. சீருடை அணிந்தவரும் தண்டிக்கப்படலாம் என்பதற்கு அது ஓர் அரிய எடுத்துக்காட்டு. அவர் பெயர் இன்றும் மக்கள் நினைவில் வாழ்கிறது. ஆனால் அங்கும் நீதிமன்றத்துக்குச் சென்றது அவரது மரணம். அவர் பிழைத்திருந்து, தமக்கு நேர்ந்ததைத் தாமே சொல்லியிருந்தால் வழக்கு நடந்திருக்குமா என்பது விடையறியா வினா. இறந்த பெண்ணின் உடல் சாட்சியாகலாம். உயிரோடுள்ளவளின் வாய் அவ்வளவு எளிதாகச் சாட்சியாவதில்லை.

நீதிமன்றமும் பெரும்பாலும் அவளை விடுவித்ததில்லை. இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் 1972இல் தேசாய்கஞ்ச் பொலிஸ் நிலையத்தில் ஆதிவாசிச் சிறுமி ஒருத்திக்கு நேர்ந்தது மதுரா வழக்கு என வழங்கும். அவள் கூச்சலிடவில்லை, உடலிற் காயமில்லை என்று சுட்டி 1978இல் இந்திய உச்ச நீதிமன்றம் பொலிசாரை விடுவித்தது. சட்டப் பேராசிரியர் நால்வர் அதற்கெதிராக 1979இல் எழுதிய பகிரங்கக் கடிதமும், அதனை அடுத்தெழுந்த பெண்கள் இயக்கமுமே 1983ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்கு வழிவகுத்தன. ஏறத்தாழ இதே காலத்தில், 1978இல், மகாசுவேதா தேவியின் திரௌபதி என்ற வங்காளச் சிறுகதை வெளிவந்தது. படையினரால் வல்லுறவுக்குள்ளான சந்தால் பெண் தோப்தி, தன் காயங்களை மூடிக்கொள்ள மறுத்து, அதிகாரியின் முன் நேரே வந்து நிற்கிறாள். அதிகாரிக்கு முதன்முறையாக அச்சம் தோன்றுகிறது. வழக்கு இல்லை, கூண்டு இல்லை. சாட்சி மட்டும் உண்டு. வெட்கம் இடம் மாறிவிட்டது. மலையகக் கதையில் நிகழாதது இவ்விடமாற்றமே.

தமிழ்நாட்டில் இவ்விடமாற்றம் கதையில் அன்றி நிசத்தில் நிகழ்ந்தது. தர்மபுரி மாவட்டம் அரூருக்கு அண்மையிலுள்ள வாச்சாத்தி என்னும் மலையாளிப் பழங்குடிக் கிராமத்தில், 1992 ஜூன் 20ஆம் திகதி, சந்தனக்கட்டை தேடுவதாகப் புகுந்த வனத்துறையினரும் பொலிசாரும் வருவாய்த்துறையினரும் வீடுகளை அழித்தனர். பதினெட்டுப் பெண்களை வல்லுறவுக்கு உட்படுத்தினர். குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே 54 பேர் இறந்துவிட, 2011 செப்டெம்பர் 29இல் எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளெனத் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களுள் 17 பேர் வல்லுறவுக் குற்றவாளிகள். 2023 செப்டெம்பர் 29இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. முப்பத்தோராண்டு. இவ்வழக்கின் இலக்கியப் பெறுமதி தீர்ப்பில் இல்லை. எழுத்தறியாத பெண்கள் சீருடையாளரை அடையாளங் காட்டினர்; குறுக்கு விசாரணைக்கு முகங்கொடுத்தனர்; ஆண்டுக்கு ஆண்டு அதே பேருந்தில் அதே நீதிமன்றத்துக்குச் சென்றனர். ஊர் அவர்களை ஒதுக்கவில்லை. பழங்குடி மக்கள் சங்கமும் இடதுசாரிகளும் உடன் நின்றனர். கற்பு என்ற சொல் அங்குத் தோற்றது.

ச. பாலமுருகனின் சோளகர் தொட்டி 2004இல் வெளிவந்தது. வீரப்பன் தேடுதல் வேட்டையின் பெயரால் சோளகர் பழங்குடியினர் மீது நிகழ்த்தப்பட்டவற்றைப் பேசும் அந்நாவலின் ஆசிரியர், மனித உரிமைப் பணியில் ஈடுபட்ட வழக்கறிஞர். நாவலின் முற்பகுதியில் உள்ள தொட்டியின் வாழ்வு, பாட்டு, தெய்வம் ஆகியன கலைநயத்தில் மேம்பட்டவை. வதை முகாமுக்குள் செல்லும் பிற்பகுதி வாக்குமூலத்தின் வறண்ட நடைக்குத் திரும்புகிறது. இதனைக் குறையென்றும் சிலர் கூறக்கூடும். அவ்வறட்சியே அதன் நேர்மை. கண்ணீரை வாசகரிடம் கேட்காமல், இன்ன இடத்தில் இன்னார் இன்னது செய்தார் என்று சொல்லுதல் புலம்பலிலிருந்து வழக்குரைக்குத் திரும்பும் நடை. இரா. முருகவேள் மொழிபெயர்த்த எரியும் பனிக்காடு ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களின் கொடுமையைத் தமிழுக்குக் கொண்டுவந்ததும் பெரும் பணியே. எனினும் வைத்தியர் ஒருவர் எழுதிய அந்நாவல் இரக்கத்தின் பக்கமே நிற்கிறது.

இவ்வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஊவாத் தோட்டங்களிற் பெண்கள் உண்மையிலேயே நீதிமன்றம் சென்றது அரிது; செல்லாதவளைச் சென்றதாகக் காட்டுவது பொய்யான எழுச்சி; அது யதார்த்தமன்று. மறுப்பு மதிக்கத்தக்கது. கடைசிப் பக்கத்தில் செங்கொடியை உயர்த்திக் கதையை முடித்த காலத்தின் தவறு மீண்டும் வேண்டியதில்லை. ஆனால் கேட்கப்படுவது வெற்றியன்று. போகாமையும் ஒரு நிகழ்ச்சி. புறப்பட எண்ணியவள் யார் சொல்லால் நின்றாள். பஸ் காசுக்கு யாரிடம் கேட்டாள். ஒருநாட் பெயர் போனால் எவ்வளவு கூலி போகும் என்று எவ்வாறு கணக்கிட்டாள். தோட்டத் தலைவர் என்ன சொன்னார். தாய் என்ன சொன்னாள். பொலிஸ் நிலையத்தின் வாசல்வரை போய்த் திரும்பியவள் வழியில் யாரைச் சந்தித்தாள் என்பன யாவும் யதார்த்தமே. ரேச்சல் குரியன் 1982இல் பெருந்தோட்டப் பெண் தொழிலாளர் பற்றி எழுதிய ஆய்வில், அவள் உழைத்த கூலி ஆணின் கைக்கே போய்ச் சேரும் வழக்கம் காட்டப்பட்டுள்ளது. தன் கூலியைத் தானே பெறாதவள் பதுளைக்குப் பஸ் ஏறுவது எப்படி என்பதை ஆய்வாளர் கேட்கலாம், எழுத்தாளர் காட்டவேண்டும்.

நிலைமை மாறவில்லை என்பதற்கில்லை. 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1999இல் பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. வீட்டு வன்முறையைத் தடுக்கும் 34ஆம் இலக்கச் சட்டம் 2005இல் வந்தது. கணவனின் அடியைக் குடும்ப விவகாரமென ஒதுக்குவது சட்டப்படி இனி இயலாது. தோட்டத்துப் பிள்ளைகளிலிருந்து சட்டத்தரணிகளும் ஆசிரியைகளும் எழுத்தாளர்களும் தோன்றியுள்ளனர். அதே வேளை, லயத்திலிருந்து வெளியே செல்லும் சிறுமியின் வேலைத்தலம் கொழுந்து மலையிலிருந்து நகர வீட்டின் சமையலறைக்கு மாறியிருக்கிறது. அங்கு நிரையும் இல்லை, பாட்டும் இல்லை, உடன் நின்று கேட்போரும் இல்லை. 2021 ஜூலையில், கொழும்பில் வீட்டு வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த மலையகச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களால் மருத்துவமனையில் இறந்தாள். மலையகமெங்கும் மக்கள் வீதிக்கு இறங்கினர். புதைத்த உடல் தோண்டி எடுக்கப்பட்டு இரண்டாம் முறையும் பிரேத பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டது.

அவளைப் பற்றிக் கவிதைகள் எழுதப்பட்டன, பெரும்பாலும் மெழுகுவர்த்தியையும் கருகிய மொட்டையும் பாடியவை. அவளைப் போன்ற சிறுமி ஒருத்தி நகரத்துக்குப் புறப்பட்ட காலையில் யார் அழைத்துச் சென்றார், முற்பணம் எவ்வளவு, லயத்து வாசலில் நின்றவர்கள் யார் யார், அவர்களுள் யார் அதனைப் பற்றிப் பின்னர் பேச அஞ்சினார் என்று கேட்கும் கதை ஊவாவிலிருந்து வரவேண்டியிருக்கிறது.